மனம் ஆற ஒரு பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்கா வடிவமைப்பது என் தொழில். நடைபாதை, புல்தரை, விளக்குக் கம்பம், ஊஞ்சல் என்று பல ஆண்டுகள் வரைந்துகொடுத்திருக்கிறேன். ஒரு முறை அப்பா அரசு மருத்துவமனை ஒன்றில் 19 நாள் படுத்திருந்தார். வார்டுக்குள் ஒருவருக்கு மேல் இருக்க அனுமதி இல்லை. மற்ற நேரமெல்லாம் வளாகத்தில் இருந்த பூவரச மரத்தடிதான் எனக்கு இடம். மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு சிமென்ட் மேடை. ஒயர் கூடையும் தூக்குவாளியுமாக வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு மத்தியானம் பக்கத்தில் இருந்த பெரியவர் இலை ஒன்றைப் பறித்து, காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சுருட்டி, நுனியைப் பல்லால் அழுத்தி ஊதினார். பீப்பீச் சத்தம் கேட்டதும், காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த அவருடைய பேரன் கையை நீட்டினான். சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டோம். அந்த 19 நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மேடை செய்த வேலையை நான் வரைந்த ஒரு பூங்காவும் செய்ததில்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது. அதன் பிறகு இந்தத் துறையைத் தேடிப் படித்தேன். சில இடங்களில் செய்தும் பார்த்தேன். குடியிருப்போர் நலச் சங்கத்தினர், மருத்துவமனை நிர்வாகிகள், வார்டு கவுன்சிலர்கள், ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

மனம் ஆற்றும் பூங்கா என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லாப் பூங்காவும் மனத்துக்கு நல்லதுதானே?

நல்லதுதான். இருந்தாலும் நம் ஊர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் நடப்பவர்களுக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் குடும்பத்தோடு வருபவர்களுக்கும் அமைக்கப்பட்டவை. சுற்றி ஒரு நடைபாதை, நடுவில் நீரூற்று, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஓர் எழுத்துப் பலகை. மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கு இது போதும். மனைவியை இழந்து ஒரு மாதம் ஆனவர், கருச்சிதைவுக்குப் பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காதவர், வேலை போனதை வீட்டில் சொல்லாமல் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி வந்தவர், இவர்களெல்லாம் அங்கே வந்தால் எங்கே உட்காருவார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து வரையத் தொடங்கினால் கிடைப்பதைத்தான் மனம் ஆற்றும் பூங்கா என்கிறேன்.

நம் வழக்கத்தில் துக்கத்துக்கு ஆள்கூட்டம் உண்டு. ஒப்பாரி உண்டு, உறவு உண்டு, வீடு நிறையச் சோறு உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள். பதினேழாம் நாள் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். அன்றைக்குப் போய் உட்கார ஒரு பொது இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இதற்கு அறிவியல் சான்று உண்டா?

உண்டு. அளவாகச் சொல்ல வேண்டிய சான்று.

பலரும் எடுத்துச் சொல்வது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். வயது, பாலினம் முதலியவற்றில் அவர்களுக்கு ஈடான இன்னொரு 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளில். வீரியமான வலி மருந்தும் முதல் கூட்டத்தாருக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மொத்தம் 46 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் மருத்துவமனை கட்டுபவர்களை ஜன்னலைப் பற்றி யோசிக்க வைத்தது.

2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை ஆராய்ந்தவர்கள், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழிப்பவர்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் பலன் ஒன்றுதான். நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற ஐயம் இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் 120 என்ற எண்ணை மருந்துச் சீட்டுபோல எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அதிகம் பயன்பட்டது ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர்களின் விளக்கம். மனத்தை ஒன்றில் வலிந்து செலுத்திக்கொண்டே இருந்தால் அந்தத் திறன் களைத்துப்போகும். அசையும் இலை, ஓடும் மேகம், ஊரும் எறும்பு இவையெல்லாம் நம் முயற்சி இல்லாமலே கவனத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் களைத்த திறன் ஓய்வு பெறுகிறது என்கிறார்கள். ஒரு சாவுக்குப் பிறகு வீட்டில் பொறுப்பானவர் என்ன செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம். அழக்கூட நேரம் இல்லாமல் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்கு எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எங்களிடம் குறைந்த பணம்தான் இருக்கிறது. முதலில் எதில் செலவிட வேண்டும்?

இருக்கையில். பூச்செடியில் வேண்டாம், நீரூற்றில் வேண்டவே வேண்டாம்.

மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் என்ற பெண்மணியின் கதை இதற்குப் பொருந்தும். அவர் தோட்ட வடிவமைப்பாளர். சீனத் தோட்டங்களைப் பற்றி எழுதியவர். 1993இல், குணமானதாக நினைத்திருந்த மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்து பரவிவிட்டதென்றும் சில மாதங்களே மிச்சமென்றும் ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் அவரிடம் சொன்னார்கள். அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று அவரும் கணவரும் ஜன்னலில்லாத நடைக்கூடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். உலகம் இடிந்து விழுந்த அந்தக் கணத்தில் உட்கார அவருக்குக் கிடைத்த இடம் அது. மிச்சமிருந்த காலத்தில் அவர் வேறோர் இடத்தைத் திட்டமிட்டார்: வீடுபோல ஒரு கட்டடம், நடுவில் சமையல் மேசை, எல்லா ஜன்னலுக்கும் வெளியே தோட்டம். 1995இல் அவர் இறந்தார். 1996இல் எடின்பரோவில் முதல் மேகி மையம் திறந்தது. இன்று பிரிட்டன் முழுவதும், ஹாங்காங்கிலும்கூட, புற்றுநோய் மருத்துவமனைகளை ஒட்டி அந்த மையங்கள் இருக்கின்றன.

நல்ல இருக்கைக்கு என் இலக்கணம்: முதுகுக்கு மறைவு, முகத்துக்கு வெளி, தலைக்கு நிழல். பின்னால் சுவரோ அடர்ந்த புதரோ இருந்தால் யார் வருகிறார்களோ என்ற பயம் தோளிலிருந்து இறங்கும். முன்னால் சற்றுத் தொலைவு தெரிந்தால் மூச்சு முட்டாது. கிரானைட் பெஞ்சு மே மாதத்தில் அடுப்புக்கல் ஆகிவிடும். மரப்பலகையோ பூசிய சிமென்டோ போதும். சாய்மானம் கட்டாயம். எழும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். எல்லா பெஞ்சையும் நடைபாதையைப் பார்த்து வரிசையாகப் போடாதீர்கள்; அழுகிற முகத்தை நடந்துபோகிற எல்லாரும் பார்க்கும்படி ஆகிவிடும். சிலவற்றையாவது பாதையைவிட்டு நான்கைந்து அடி தள்ளி, மரத்தையோ குளத்தையோ பார்த்துத் திருப்புங்கள். இருவர் பேசுவதற்கான பெஞ்சுகளைச் சற்றே கோணமாக வையுங்கள். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு மனம்விட்டுப் பேசுவது பலருக்குக் கடினம். ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பேசுவது எளிது.

தனிமையா, துணையா? துயரத்தில் இருப்பவருக்கு எது வேண்டும்?

இரண்டும், வேறு வேறு காலத்தில்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் தெற்கு ஸ்வீடனின் ஆல்நார்ப் வளாகத்துக்காரர்கள். அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் ஒரு மறுவாழ்வுத் தோட்டம் இயங்கியது. கடும் மன அழுத்தத்தால் வேலைக்குப் போக முடியாமல் ஒடுங்கிப்போனவர்கள் அங்கே வாரக்கணக்கில் வந்துபோனார்கள். அந்தத் தோட்டத்தை வழிநடத்திய பாட்ரிக் கிரான் கண்ட ஒழுங்கு இது: மிகவும் உடைந்திருப்பவர் மனிதர்களிடமிருந்து விலகி, தன்னிடம் எதையும் கேட்காத கல், நீர், செடி ஆகியவற்றோடு இருக்க விரும்புகிறார். சற்றுத் தேறியதும் மற்றவர்கள் செய்வதைத் தள்ளி நின்று பார்க்கிறார். பிறகு கூட ஒரு கை கொடுக்கிறார். கடைசியில்தான் தானே ஒரு வேலையை முன்னின்று செய்கிறார்.

ஆகவே ஒரே பூங்காவில் இந்த நான்குக்கும் இடம் வேண்டும்: ஒருவர் மட்டும் உட்காரும் மூலை; வேலை நடப்பதைத் தள்ளியிருந்து பார்க்க ஒரு திண்ணை; சேர்ந்து வேலை செய்யப் பாத்தி; கூடிப் பேச மரத்தடி மேடை. ஒதுங்கி உட்கார்ந்திருப்பவரிடம் போய் "வாங்க, எங்களோட சேர்ந்து செடி நடுங்க" என்று கையைப் பிடித்து இழுக்கும் அன்பான தன்னார்வலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காத்திருக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

எந்த மரம், எந்தச் செடி?

நிழலுக்கு வேம்பு, புங்கன், பூவரசு. கடலோர ஊர் என்றால் புன்னை. புங்கன் கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்த்துச் சட்டென்று பளபளக்கும் தளிர் விடும். அந்த மாற்றம் வருபவர்களின் கண்ணில் படும். மகிழம்பூ உதிர்ந்து காய்ந்த பிறகும் மணக்கும். பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும். தூக்கம் வராமல் ஐந்து மணிக்கே வருகிறவர்களுக்கு அது காத்திருக்கும். அதை வாசலை ஒட்டி நடுவது என் வழக்கம்.

கையால் கசக்கினால் மணக்கும் செடிகளை இருக்கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். ஓமவல்லி, திருநீற்றுப்பச்சிலை, துளசி, எலுமிச்சைப்புல் எல்லாம் மலிவு. வெட்ட வெட்டத் தழைக்கும். பதற்றத்தில் இருப்பவருக்குக் கைக்கு ஒரு வேலை கிடைக்கும்.

மணத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சம்பங்கி, ரோஜா, சாமந்தி மூன்றும் நம் ஊரில் மாலைப் பூக்கள். பிணத்தின் மேல் விழும் பூக்கள். பாத்தி நிறையச் சம்பங்கி நட்ட ஒரு பூங்காவில், அந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்று ஓர் அம்மா சொன்னார். மகனைக் கிடத்தியிருந்த கூடத்தின் வாசனை அவருக்கு அது. அதன் பிறகு இந்த மூன்றையும் தனியே இருக்கும் மூலைகளுக்கு அருகில் நான் வைப்பதில்லை.

அரளி வகைகளும் ஊமத்தையும் கூடவே கூடாது. அரளி தண்ணீர் கேட்காது, ஆண்டு முழுக்கப் பூக்கும் என்று ஒப்பந்ததாரர்கள் முதலில் நீட்டுவது அதைத்தான். குழந்தைகளும் மனம் தளர்ந்தவர்களும் வரும் இடத்தில் நஞ்சுள்ள செடிக்கு இடமில்லை. நாகலிங்க மரம் அழகு; அதன் காய் பீரங்கிக் குண்டுபோல விழும் என்பதால் இருக்கைக்கு மேலே வேண்டாம்.

தண்ணீர் வைக்கலாமா?

நீரின் சத்தம் சாலையின் இரைச்சலை ஓரளவு மூடும். மோட்டார் சத்தம் கேட்காத அளவுக்குச் சிறிய ஒழுக்கு போதும். தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு பெருகும் என்பதால் தொட்டியில் மீன் விட வேண்டும், வாரம் ஒரு முறை யாராவது பார்க்க வேண்டும். பார்க்க ஆள் இல்லை என்றால் பறவைகளுக்கு ஒரு மண்சட்டி வைத்துத் தினமும் நீரை மாற்றுங்கள். சின்னானும் தையல்சிட்டும் வந்து குளிப்பதைப் பார்ப்பதற்கு எந்த நீரூற்றும் ஈடாகாது.

அரசே இதைக் கையில் எடுத்துச் செய்த ஊர் எது?

சிங்கப்பூர். அங்கே தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹார்ட்பார்க் என்ற பூங்காவில் பொதுமக்களுக்கான முதல் சிகிச்சைத் தோட்டத்தைத் திறந்தது. அடுத்த ஆண்டு பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இன்னொன்று. 2030க்குள் இத்தகைய 30 தோட்டங்கள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். முதலில் முதியோரையும் மறதி நோய் உள்ளவர்களையும் மனத்தில் வைத்து அமைத்தார்கள். ஜூரோங் ஏரித் தோட்டத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான இடங்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது, அழகுக்குக் கொடுத்த கவனத்தைப் பயன்பாட்டுக்கும் கொடுத்திருப்பது. பாதை சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். மறதி உள்ளவர் வழிதவற மாட்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மண்ணைத் தொட உயர்த்திய பாத்திகள் இருக்கின்றன. சமையலில் புழங்கும் செடிகள் இருப்பதால், பெயர் மறந்தவரும் முகர்ந்து பார்த்து எதையோ நினைவுகூர்கிறார். அமைதியாக இருக்க ஒரு பகுதி, வேலை செய்ய ஒரு பகுதி என்று பிரித்திருக்கிறார்கள்.

இதோடு ஆய்வும் சேர்ந்து நடந்தது. 59 முதியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதம் தோட்டக்கலைப் பயிற்சி கொடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 என்ற பொருள் குறைந்திருந்தது. ஈஷூன் வட்டாரத்தில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையின் மொட்டைமாடியில் தன்னார்வலர்கள் காய்கறியே பயிரிடுகிறார்கள். வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சை தெரிகிறது.

சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று உடனே சொல்வார்கள். சுற்றி வரும் பாதைக்கும் உயர்த்திய பாத்திக்கும் பெரிய பணம் தேவையில்லை. வருபவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் போதும்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல் உள்ளவர்களுக்கு அளவுகள் என்ன?

சாய்தளம் 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது. 20 அடிக்கு ஓர் அடி என்றால் இன்னும் நல்லது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கப் பாதை 1.8 மீட்டர் அகலம். 30 மீட்டருக்கு ஓர் இருக்கை. இருக்கையின் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். நாற்காலி உள்ளே நுழைய, பாத்திக்கு அடியில் முழங்கால் போகும் இடைவெளி வேண்டும். மேல்மட்டம் 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். வழவழப்பான டைல்ஸ் மழையில் ஆளை விழுத்தாட்டும். இவ்வளவும் செய்துவிட்டு வாசலில் வண்டி நுழையாமல் இருக்க இரும்புச் சுழற்கதவு மாட்டிவிடுகிறார்கள்; சக்கர நாற்காலியும் நுழையாது. கழிப்பறை கட்டாயம். அது இல்லாத பூங்காவில் பெண்களும் முதியவர்களும் அரை மணிக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

ஒரு பெண் தனியாகப் பூங்காவில் உட்கார்ந்திருக்க முடியுமா?

இன்றைய நிலையில் பல இடங்களில் முடியவில்லை. முறைத்துப் பார்ப்பார்கள், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று காவலாளியே கேட்பார். கணவரை இழந்த பெண் வெளியே உட்கார்ந்தால் சொந்தக்காரர்களே பேசுவார்கள். வடிவமைப்பால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. உதவ முடியும். வேலியை இடுப்பளவுக்கு வளர்த்தால் உட்கார்ந்திருப்பவருக்கு மறைவு. நடந்து வருபவரின் தலை அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு வழி இருக்க வேண்டும். முட்டுச்சந்து மூலை பயமுறுத்தும். வெளிச்சம் பாதையில் விழட்டும், முகத்தில் வேண்டாம். தோட்டப் பணியாளர்களில் பெண்கள் இருந்தால் மற்றப் பெண்கள் துணிந்து வருகிறார்கள். நான் கண்ட மாற்றங்களில் பெரியது இதுதான். காவலாளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, அழுகிறவரை விரட்டாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுங்கள்.

இறந்தவர் நினைவாக மரம் நடலாமா?

நடலாம், மிகுந்த கவனத்தோடு. ஓர் ஊரில் பதினெட்டு வயது மகனை இழந்த ஒருவர் பூங்காவில் மகிழங்கன்று நட்டார். பெயர்ப் பலகை வைத்தார்கள், படம் எடுத்தார்கள். மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. கன்று கருகியதை அவர்தான் முதலில் பார்த்தார். பிறகு அந்தத் தெருப் பக்கமே அவர் போகவில்லை. அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்: இரண்டு கோடைக்குத் தண்ணீருக்கு வழி செய்யாமல் நினைவு மரம் நடவே கூடாது. ஆளுயரக் கன்றாக, கூண்டோடு நடுங்கள். ஒருவருக்கு ஒரு மரம் என்று பிரிக்காமல், பல பெயர்களுக்கும் பொதுவாகச் சிறு தோப்பு அமைத்தால் ஒரு கன்று போனாலும் யாருடைய பிள்ளையும் இரண்டாம் முறை போனதாக ஆகாது.

நினைவுக்கு மரம்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானின் ஒட்சுச்சி ஊரில் இத்தாரு சசாகி என்ற தோட்ட வடிவமைப்பாளர், 2010இல் இறந்துபோன தன் உறவினரோடு பேசுவதற்காகத் தன் தோட்டத்தில் வெள்ளை நிறத் தொலைபேசிக் கூண்டு ஒன்றை வைத்தார். உள்ளே எண்களைச் சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி. இணைப்பு கிடையாது. சொல்வதைக் காற்று கொண்டுபோகட்டும் என்றார். 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தது. அந்த ஊரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் போய்விட்டார்கள். அவர் தோட்டத்தைத் திறந்துவிட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து, காணாமல்போன மகளிடமும் கணவனிடமும் பேசிவிட்டுப் போனார்கள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கரையிலும் நினைவுத் தூண்கள் எழுந்தன. ஆண்டுக்கு ஒரு நாள் மலர்வளையம் வைக்கிறோம். மற்ற 364 நாளும் அந்தத் தாய்மார் போய் உட்கார்ந்து பேச நிழலோடு ஓர் இடம் அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

என்ன நிகழ்ச்சிகள் நடத்தலாம்?

குறைவாக, மெதுவாக. ஜப்பானில் 1982இல் வனத்துறையே 'காட்டுக் குளியல்' என்று பெயர் சூட்டிப் பரப்பிய பழக்கம் மிக எளியது: காட்டில் மெல்ல நடப்பது, நிற்பது, கேட்பது. நம் வெயிலுக்கு விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்துவிடுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். மைக் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து காதில் விழும் சத்தங்களை எண்ணட்டும். யாரையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

விதைப்பு நிகழ்ச்சிக்கு வெந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஊறவைத்த ஒரு பிடி விதையைத் தொட்டி மண்ணில் தூவி, மேலே விரல் கனத்துக்கு மண் போட்டுத் தண்ணீர் தெளித்தால் மூன்று நான்கு நாளில் முளை எட்டிப் பார்க்கும். மூன்று நான்கு வாரத்தில் கீரை கிள்ளலாம். அடுத்த வாரத்தைப் பற்றியே நினைக்க முடியாதவரிடம் மாங்கன்றைக் கொடுத்து ஐந்து வருடம் காத்திருக்கச் சொல்வதில் பொருள் இல்லை. ஒரு தாத்தா, மண்ணைப் பிளந்துகொண்டு வந்த முளையின் தலையில் விதைத்தோல் தொப்பிபோல ஒட்டியிருந்ததை விரல் நுனியால் எடுத்துவிட்டார். மனைவி போன பிறகு அவர் வீட்டில் அடுப்பே மூட்டாமல் இருந்தவர். அந்தக் கீரையை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தொட்டி கேட்டார்.

பூங்காவுக்குப் போனால் மருந்தும் ஆலோசனையும் தேவையில்லையா?

தேவை. பல வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூங்கா அதற்குத் துணை மட்டுமே. வாசலில் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. இருக்கைகளுக்கு அருகிலும் சின்னதாக எழுதுங்கள். வாசல் பலகையை நின்று படிக்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு.

பூங்கா எந்த நேரம் திறந்திருக்க வேண்டும்?

காலை முதல் இரவு வரை, நடுவில் பூட்டாமல். பல ஊர்களில் முற்பகலில் பூட்டி நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு அது போதும். வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மிகக் கனமான நேரம் பதினொன்றிலிருந்து நான்கு வரைதான். எத்தனை இலட்சம் செலவிட்டு அமைத்தாலும் அந்த நேரத்தில் பூட்டு தொங்கினால் அவருக்கு அந்தப் பூங்கா இல்லை. வடிவமைப்புக் கூட்டங்களில் நான் முதலில் கேட்பது சாவி யாரிடம் இருக்கும் என்பதை.

எங்கள் ஊரில் பூங்காவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், நீதிமன்றம், சுடுகாட்டுக்குப் போகும் பாதை, இவற்றின் அருகில் ஒரு வாரம் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஜனங்கள் ஏற்கெனவே எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறார்கள், எதன்மேல் சாய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தை வெட்ட விடாதீர்கள். வேர் மூடாதபடி, மண்ணுக்குத் தண்ணீர் இறங்க இடம் விட்டு, ஒரு மேடை கட்டுங்கள். ஒரு பக்கம் சாய்மானம், பக்கத்தில் மூடியுள்ள தண்ணீர்ப் பானை, கையலம்பக் குழாய், பை மாட்ட இரண்டு கொக்கி.

என் அப்பா இருந்த மருத்துவமனையின் பூவரசை வண்டி நிறுத்துமிடத்துக்காகப் பிறகு வெட்டிவிட்டார்கள். அண்மையில் போனபோது பார்த்தேன்: மேடை இருந்த இடத்தில் பைக்குகள் நின்றன. இரண்டு பைக்குகளுக்கு நடுவில் ஒரு பெண் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, மரம் நின்ற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.